தம்பிக்கு ஒரு புரொசசர்

பதுளை டவுனுக்குக் கொம்பியூட்டர் சாமான் வாங்க வருகிறவர்கள் கடைப் பெயரைச் சொல்லி விசாரிப்பதில்லை. "அந்த நிமலன் நிக்கிற கடை எது?" என்றுதான் கேட்பார்கள். கடை ஸமீம் முதலாளியுடையது. வாடகை அவர் கட்டுகிறார், வரி அவர் கட்டுகிறார், மழைக்கு ஒழுகுகிற கூரைக்கும் அவரே வாளி வைக்கிறார். பேர் மட்டும் நிமலனுக்குப் போய்விட்டது. முதலாளிக்கு இதில் பெருமையும் உண்டு, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு. எரிச்சலுக்குக் காரணம், நம்ம ஆள் சாமானை விற்பதைவிட விற்காமல் விடுவதில்தான் கெட்டிக்காரன்.

மகியங்கனையிலிருந்து ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்து நிற்பார். சட்டைப் பையில் காசு தயாராக இருக்கும். கேம் விளையாடுகிற மகனுக்கு இருக்கிறதிலேயே விலையான புரொசசர் வேண்டும் என்பார். வேறு எந்தக் கடைக்காரனும் கண்ணை மூடிக்கொண்டு பில் எழுதிவிடுவான். நிமலன் எழுதமாட்டான். மகன் என்ன கேம் விளையாடுகிறான், எந்த மொனிட்டரில் பார்க்கிறான், வீட்டில் கரண்ட் எப்படி என்று ஒரு பாட்டம் விசாரிப்பான். புரொசசர் என்பது கொம்பியூட்டரின் மூளை, மூளையை மட்டும் பெரிதாக வாங்கிக் கை காலைச் சூம்பவிட்டால் என்ன பிரயோசனம் என்று விளக்குவான். கடைசியில், "ஆறு மாசம் பொறுங்க. அடுத்தது வருது. அது வந்ததும் இது எறங்கிரும்" என்று சொல்லி, வந்தவரை அதே காசோடு பஸ் ஏற்றிவிடுவான்.

ஸமீம் முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "டேய், நீ எனக்கு வேல செய்றியா, எதிர்க்கடக்காரனுக்கு வேல செய்றியா? எனக்கே தெரியா."

ஆனால் ஆறு மாதம் கழித்து அதே மகியங்கனைக்காரர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். மூவரும் வாங்குவார்கள். அதனால் முதலாளியும் வாயை மூடிக்கொண்டிருந்தார். நிமலன் சொன்னால் சரியாக இருக்கும் என்று பண்டாரவளை வரைக்கும் பேச்சு. எடுக்கவா, பொறுக்கவா என்று தெரியாமல் முழிக்கிறவர்கள் அவனுக்குப் போன் போட்டார்கள். பத்தில் எட்டுப் பேரிடம் அவன் பொறுங்கள் என்றுதான் சொன்னான்.

பொறுப்பது அவனுக்குப் பழக்கம். முப்பத்திரண்டு வயது. நமுனுகுல மலைச் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, அதே காம்பராவில் இன்னும் இருக்கிறான். காலை ஆறேகால் பஸ்ஸில் டவுனுக்கு இறங்கி, இருட்டுகிற நேரத்தில் ஏறிவருவான். உதிரிச் சாமானைச் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று நாலு கொம்பியூட்டர் பூட்டுகிற கை. சொந்தமாக ஒன்றும் கிடையாது. யாராவது கேட்டால், "வாங்கி எங்க வைக்கிறது?" என்று சிரிப்பான். கேட்டவர்களும் சிரிப்பார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

அவனுக்கு ஒரே தம்பி, சுஜன். ஏழு வயது இளையவன். தகப்பன் முருகையா செத்தபோது சுஜன் ஒன்பதாம் வகுப்பு. அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த நெட் கபேயில் இருந்ததே அதிகம். துப்பாக்கிச் சண்டை கேமில் அவனை அடிக்க ஆள் கிடையாது. கொழும்புப் பையன்கள் எல்லாம் லட்சக்கணக்கில் செலவழித்துப் பூட்டின மெசினில் விளையாடும்போது, இவன் எழுத்து அழிந்துபோன கீபோர்டில் விளையாடி ஜெயித்தான். ஒரு தடவை கொழும்பில் நடந்த போட்டிக்கு அவனைக் கூப்பிட்டார்கள். சொந்த மெசின் கொண்டுவர வேண்டும் என்றார்கள். போகவில்லை. நிமலன்தான் அன்றைக்கும், "அடுத்த வருசம் பார்ப்போம்" என்று சொன்னான்.

அடுத்த வருசம் சுஜன் கட்டாருக்குப் போய்விட்டான். டோஹாவில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. படுக்கை விரிப்பு, துவாய், மறுபடியும் படுக்கை விரிப்பு. இரண்டு வருச ஒப்பந்தம். போகும்போதே ஒரு திட்டத்தோடுதான் போனான். திரும்பி வரும்போது நல்ல கேமிங் மெசின் ஒன்று பூட்டுவது. வீட்டிலிருந்தே விளையாடி, விளையாடுவதை நெட்டில் காட்டி, மற்றப் பிள்ளைகளுக்குப் பழக்கி, அதில் பிழைப்பது. நடக்கிற காரியமா என்று கேட்டால், நடக்கிறது. கண்டியில் ஒருவன், மட்டக்களப்பில் ஒருவன் அப்படிப் பிழைக்கிறார்கள். சுஜனைவிடக் கெட்டிக்காரர்கள் இல்லை என்று நிமலனே சொல்லுவான்.

மெசினுக்கு முதல் சாமான் புரொசசர். கேம் விளையாடுவதற்கென்றே செய்த ஒரு மாடல், சுஜன் மனதில் அதுதான். இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கான காசை மாதா மாதம் அனுப்பி முடித்துவிட்டான். காசு நிமலனின் பாங்குப் புத்தகத்தில் சும்மா கிடந்தது. "அத மட்டும் எடுத்து வைங்க அண்ணே. அது கையில இருந்தா மத்ததெல்லாம் தன்னால வந்துரும். நீங்க எடுத்துட்டேன்னு சொன்ன அன்னைக்கே நான் சாமான் கட்டிருவேன்." இது சுஜன் அடிக்கடி சொல்லுகிற வாக்கியம். ஆகவே நிமலன் அந்தப் புரொசசரை எடுத்தால் தம்பி வீட்டுக்கு வருவான். எடுக்காவிட்டால் ஹோட்டல்காரன் நீட்டுகிற அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இன்னும் இரண்டு வருசம் படுக்கை விரிப்பு மடிப்பான். இதை இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் புரொசசரைப் பற்றி அவர்கள் பேசினது எல்லாம் இதைப் பற்றித்தான்.

சுஜனுக்கு வெள்ளிக்கிழமை லீவு. கடையில் முதலாளி ஜும்மாவுக்குப் போகிற நேரம் பார்த்து அவன் கூப்பிடுவான். பாதிக் கதவைச் சாத்திவிட்டு, சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு நிமலன் பேசுவான்.

"என்ன அண்ணே, எடுக்கவா, பொறுக்கவா?"

முதல் தடவை அவன் பொறு என்று சொன்னது நியாயமானது. புது மாடல் வர இரண்டு மாதம் இருந்தது. அது வந்தது. ஆரம்ப விலை, கொஞ்சம் பொறு என்றான். அதுவும் நியாயம்தான். பிறகு டொலர் ஏறியது, பொறு என்றான். டொலர் இறங்கியது. விலையும் இறங்கியது. அடுத்த மாடல் எப்போது வரும் என்றே யாருக்கும் தெரியாது, வந்தாலும் இதே மதர்போர்டில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். இனி ஒரு காரணமும் பாக்கி இல்லை. வேறு எவனாவது கேட்டிருந்தால் நிமலன், "இன்னைக்கே எடுங்க, யோசிக்காதீங்க" என்று சொல்லியிருப்பான். தம்பியிடம், "இன்னும் கொஞ்சம் பொறுடா" என்றான்.

சுஜன், "சரிண்ணே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். நிமலன் சோற்றுப் பார்சலை அப்படியே மடித்து வைத்தான்.

காரணம் விலை இல்லை. காரணம் காம்பரா.

லயத்துக் காம்பரா என்றால் பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி. முன்னால் இஸ்தோப்பு, அதாவது வாசல் பக்கம் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு நீட்டம். பின்னால் புகை பிடித்த குசினி. அவ்வளவுதான். சுஜன் போகும்போது அம்மா ரெங்கம்மா உள்ளே படுத்தாள், பிள்ளைகள் இரண்டு பேரும் இஸ்தோப்பில் படுத்தார்கள். அவன் போன வருசத்திலேயே நிமலனுக்குக் கலியாணம் நடந்தது. தம்பி போனில் பார்த்து வாழ்த்தினான். இப்போது உள்ளே நிமலனும் மனைவி சுபாஜினியும். இஸ்தோப்பில் அம்மா. சுபாஜினிக்கு நாலு மாதம். குழந்தை பிறந்தால் ஏணை கட்டுவதற்கே இடம் தேட வேண்டும். இதில் சுஜன் வந்து எங்கே படுப்பான்? மேசை போட்டு, மொனிட்டர் வைத்து, சத்தம் போட்டு விளையாடி எங்கே பிழைப்பான்?

டவுனில் ஒரு அறை எடுத்துப் போகலாமே என்று கேட்பீர்கள். கேட்கிறது லேசு. லயத்துக் காம்பரா யாருக்கும் சொந்தம் இல்லை. தோட்டத்தில் ஒருவராவது பேர் பதிந்து வேலை செய்கிறவரைக்கும்தான் அது இவர்களுக்கு. முழங்கால் போய் ரெங்கம்மா வேலைக்கு நின்றதும், அம்மாவின் பேருக்குப் பதிலாகச் சுபாஜினி பேர் பதிந்தாள். அதனால்தான் நாலு மாதத்திலும் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நின்று, கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போகிறாள். அவளும் நிமலனும் டவுனுக்குப் போனால் பேர் போகும், பேர் போனால் காம்பரா போகும், அம்மா தெருவுக்கு வருவாள். சுஜனைத் தனியே டவுனில் வைக்கலாம் என்றால், கேமில் வருமானம் வரும்வரைக்கும் வாடகைக்குக் காசு எங்கே? பிடித்து வைத்திருக்கிறது காம்பராவா, இவர்களா என்று நிமலனுக்கே சில நேரம் விளங்காது.

இதைத் தம்பியிடம் சொல்லலாம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் எந்த வாயால் சொல்வது? "டேய், நீ பிறந்த வீட்டில் உனக்கு இடம் இல்லை, நான் கலியாணம் கட்டி உன் பாய் விரிக்கிற இடத்தை எடுத்துக்கொண்டேன்" என்று ஒரு அண்ணன் சொல்வானா? எனக்கு இடம் இருக்கிறதா என்று தம்பிதான் கேட்பானா? இரண்டும் அந்த வீட்டில் நடக்கிற காரியம் இல்லை. அதனால் ஒருவன் புரொசசர் எடுக்கவா என்று கேட்டான், மற்றவன் பொறு என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிமலன் கடையிலிருந்து கொண்டுவந்த அளவு நாடாவை எடுத்து வீட்டை அளந்தான். மேசைக்கு மூன்றரை அடி, கதிரைக்கு இரண்டடி. பில் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுப் பார்த்தான். அலுமாரியைத் திருப்பினால் கதவு திறக்காது. கட்டிலைத் திருப்பினால் குசினிக்கு வழி இல்லை. ரெங்கம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தாள்.

"என்னடா அளக்குற?"

"சும்மாம்மா."

"அவனுக்குத்தானே? நான் குசினிக்குள்ள படுத்துக்கிறேன். இஸ்தோப்ப அவனுக்கு அடைச்சுக் குடு."

"குசினிப் புகையில நீங்க எப்பிடிம்மா படுப்பீங்க? ஏற்கனவே இருமிக்கிட்டு இருக்கீங்க."

"விடிய முந்தி எந்திரிச்சுப் பத்த வைக்கிறவ நாந்தானே. எனக்குத் தெரியாத புகையா?"

பெற்றவளைப் புகைக்குள் படுக்க வைத்து அதில் தம்பியைக் கூப்பிடுவதா? நிமலன் அந்தப் பில் தாளைக் கசக்கி அடுப்பில் போட்டான்.

ஒரு வழி பாக்கி இருந்தது. குசினிக்குப் பின்னால் எட்டடி வெற்று நிலம். நாலு தகரம், நாலு மரம் இருந்தால் ஒரு அறை. லயத்தில் இப்படிக் கட்டிக்கொண்டவர்கள் ஏராளம். எல்லோரும் செய்வது ஒரே மாதிரித்தான். சனிக்கிழமை தகரத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை தோட்ட ஆபீஸ் மூடியிருக்கும்போது சொந்தக்காரர்கள் கூடி அடிப்பார்கள், திங்கட்கிழமை அங்கே ஒரு அறை இருக்கும். தோட்டத்துக் காவல்கார வாச்சர் பார்ப்பான், ஒரு தேத்தண்ணி குடிப்பான், போய்விடுவான். ஒருவரும் யாரையும் கேட்பதில்லை.

நம்ம ஆள் கேட்டான்.

படித்தவன், டவுனில் வேலை செய்கிறவன், எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவன். கடையில் உட்கார்ந்து அழகாகக் கடிதம் டைப் அடித்தான். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. அளவெல்லாம் போட்டு ஒரு படமும் வரைந்து சேர்த்தான். தோட்டத்துச் சங்கத் தலைவர் கையில் கொடுக்காமல் நேரே தோட்ட ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குச் சீலும் போட்டுக்கொண்டான். அந்தச் சீலைப் பார்த்து அவனுக்கு ஒரே சந்தோசம்.

பத்து நாளில் தோட்டத்து உதவி மனேஜர், சின்ன தொர, கூப்பிட்டனுப்பினார். ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றான். உள்ளே கடிதம் ஒரு பைலுக்குள் நல்ல பத்திரமாக இருந்தது.

"இந்த லயம் மண்சரிவு லிஸ்ட்ல இருக்கு. தெரியுந்தானே?" என்றார் சின்ன தொர.

தெரியும். மீரியபெத்தயில் மண் சரிந்து லயத்தோடு ஆட்களை மூடின பிறகு ஆட்கள் வந்து அளந்து, சுவரில் சிவப்பு நம்பர் எழுதிப் போனார்கள். நம்பர் மங்கி, இவர்களே ஒரு தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

"எழுத்துல கேட்டதுக்குப் பொறகு நான் எப்பிடி விடுறது? ஒரு ஆணி அடிக்க ஏலாது. வீட்டுத் திட்டம் வருது. பொறுங்க."

"எப்ப சேர் வரும்?"

"மேல எழுதியிருக்கு."

"அப்ப தம்பிக்கு வேற ஒரு காம்பரா கிடைக்குமா சேர்? அந்தக் கடைசி லயத்துல ரெண்டு பூட்டித்தானே கிடக்கு."

சின்ன தொர நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். "தம்பி வந்து பேர் பதியட்டும். கவ்வாத்து வெட்ட ஆளே இல்ல. பேர் பதிஞ்சா காம்பரா பார்க்கலாம்" என்றார்.

கவ்வாத்துக் கத்தி பிடிக்க மாட்டேன் என்றுதானே அந்தப் பயல் கட்டாருக்கே போனான்? தேயிலைச் செடியை வெட்டினால் படுக்க இடமாம், வெட்டாவிட்டால் இல்லையாம். சரிகிற லயத்தில் ஐந்து வருசம், பத்து வருசம் ஆட்கள் படுக்கலாமாம், நாலு தகரம் மட்டும் வைக்கக்கூடாதாம். இதைக் கேட்டு யாருக்கும் பற்றிக்கொண்டு வரும். நிமலனுக்குக் கோபம்கூட வரவில்லை. "சரி சேர்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

அடுத்த காம்பரா பூவம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். பெரிய வாய். போன வருசம்தான் அவள் பின்பக்கம் தகரம் அடித்தாள்.

"உன்னைய யாருடா கேக்கச் சொன்னது? நான் கேட்டா கட்டுனேன்? ஞாயித்துக்கெழம நாலு பேரக் கூப்பிட்டிருந்தா அடிச்சுக் குடுத்திருக்க மாட்டோமா?"

"முறையா செய்வோம்னு நெனச்சேன் அத்த."

"மொறையா செஞ்சியே, இப்ப என்னாச்சு? கேக்காதவுகளுக்கெல்லாம் ரூம்பு இருக்கு. கேட்ட உனக்கு மட்டும் இல்ல. இனிமே வாச்சர் உன் வீட்டுப் பின்னாலதான் குடியிருப்பான் பாரு."

அவள் சொன்னது அப்படியே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாச்சர் வந்து குசினிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். இப்போது தேத்தண்ணியும் குடிப்பதில்லை. கடிதம் பைலில் இருக்கிறதே, அவன் என்ன செய்வான் பாவம்? நிமலன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான். அதுவும் சீல் வைத்து.

இந்த நேரத்தில்தான் ஸமீம் முதலாளி கொழும்பிலிருந்து அந்தப் புரொசசர் இரண்டு கொண்டுவந்தார். ஒன்றை வெலிமடையில் ஒருவர் வந்த அன்றைக்கே எடுத்துப் போனார். மற்றது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு வாரமாக நிமலன் அந்தப் பக்கம் பார்க்காமலே சாமான் எடுத்தான். முதலாளிக்கா தெரியாது?

"உன் தம்பிக்குத்தானே இது?" என்றார் ஒரு நாள். "வாங்கின வெலைக்கே எடு. எனக்கு லாபம் தேவல்ல. ஒருத்தர் பெரகலயிலிருந்து போன் பண்ணிக்கொண்டே ஈக்கார். வெள்ளிக்கெழம மட்டும் வெச்சிருக்கேன், அதுக்குப் பொறகு குடுத்துருவேன்."

"யோசிச்சுச் சொல்றேன் முதலாளி."

"ஊருக்கெல்லாம் யோசன சொல்ற, உனக்கு யோசிக்க ஒரு வாரமா?"

அதே வெள்ளிக்கிழமைக்கு மறுநாள்தான் சுஜன் ஒப்பந்தத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள். இதைச் சுஜன் போன தடவை பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு, உடனே மெசினில் போடுகிற ராம் விலை என்ன என்று கேட்டான். நிமலனும் ராம் விலையைச் சொன்னான்.

வியாழக்கிழமை நிமலன் வீட்டுக்கு ஏறி வந்தபோது சுபாஜினி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த களைப்பு. முகம் மட்டும் நன்றாக இருந்தது.

"ஏங்க, சுஜன் தம்பி மத்தியானம் அத்தைக்குப் போன் பண்ணிச்சு. நானும் பேசினேன்."

"என்ன பேசின?"

"சும்மாதான். ஒங்கண்ணன் ஒனக்காக எவ்வளவு அலையிறாருன்னு சொன்னேன். கடிதம் எழுதுனது, சின்ன தொர பேர் பதியச் சொன்னது, வீட்ட அளந்தது, எல்லாம் சொன்னேன். அதுக்குத் தெரியணுமில்ல? நீங்க ஒண்ணும் செய்யலன்னு நெனச்சுக்கக் கூடாதில்ல?"

நிமலன் செருப்பைக் கழற்றப் போனவன் அப்படியே நின்றான். "அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சிச்சு. அண்ணனுக்கு வேற வேல இல்லையான்னு கேட்டிச்சு. ஏன், சொல்லியிருக்கக் கூடாதா?"

"இல்ல, பரவால்ல" என்றான். அவளைத் திட்ட அவனுக்கு மனம் வரவில்லை. புருசனுக்கு நல்ல பேர் வாங்கிக்கொடுக்க நினைத்தவளை என்ன சொல்லித் திட்டுவது? உள்ளே போய்ச் சட்டையை மாற்றினான். மாற்றிக்கொண்டு இருக்கும்போதே முடிவெடுத்தான். நாளைக்கு எடுத்துவிடுவது. இடம் இருக்கிறதோ இல்லையோ, தம்பி வரட்டும். இஸ்தோப்பில் நான் படுக்கிறேன், நெருக்கிக்கொண்டு கிடப்போம், வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு நாளாகப் பொறுத்து என்ன கிழித்தோம்? கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவன் எதையும் அளக்காமல் முடிவு செய்தான். நிம்மதியாகச் சாப்பிட்டான். அம்மாவிடம்கூட, "சுஜன் வந்துருவான்மா" என்று சொல்லிவிட்டான். ரெங்கம்மா அப்போதே மாரியம்மனுக்கு விளக்கு வைக்கப் போனாள்.

மறுநாள் முதலாளி தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு ஜும்மாவுக்குக் கிளம்பினதும் நிமலன் பாதிக் கதவைச் சாத்தினான். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து புரொசசர் பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தான். பில் புத்தகத்தை விரித்து, பெயர் எழுத வேண்டிய இடத்தில் சுஜன் என்று எழுதினான். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். எடுத்துட்டேன்டா, சாமான் கட்டு. நாலு வார்த்தை. போன் அடித்தது.

"அண்ணே, எடுத்துட்டீங்களா?" சுஜன் குரலில் ஒரு அவசரம் இருந்தது.

"இப்பத்தான்டா..."

"எடுத்துறாதீங்க அண்ணே. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நான் நல்லா விசாரிச்சேன். இப்ப எடுக்கிறது புத்தியில்ல. ராம் வெல ஏறிக் கெடக்கு. புரொசசர மட்டும் எடுத்து அலுமாரிக்குள்ள வச்சு என்ன செய்ய, வாரண்டிதான் ஓடும். அடுத்த மாடல் வரட்டும். அது வந்தா இது எறங்கிரும். பொறுப்போம் அண்ணே."

ஒவ்வொரு சொல்லும் நிமலனுடையது. ஊரில் பத்துப் பேரிடம் அவன் சொன்னது, தம்பியிடம் இரண்டு வருசமாகச் சொன்னது. ஒன்றுவிடாமல் பயல் பாடமாக்கி வைத்திருந்தான்.

"அப்ப ஒப்பந்தம்?" என்றான் நிமலன்.

"அது நேத்து சாயந்தரமே கையெழுத்துப் போட்டுட்டேன். இங்க ஒண்ணும் கஷ்டமில்ல அண்ணே. ரூம்ல ஆறு பேரு, ஏசி இருக்கு, எனக்குன்னு ஒரு கட்டில் இருக்கு. ரெண்டு வருசம் என்ன, ஓடிரும். அந்தக் காச அண்ணி ஆஸ்பத்திரிச் செலவுக்கு வச்சுக்கோங்க."

நேற்று சாயங்காலம். சுபாஜினியிடம் அவன் பேசினது நேற்று மத்தியானம்.

சொல்லியிருக்கலாம். கிழித்துப் போடுடா அதை, வாடா வீட்டுக்கு, நீ பிறந்த இடம்டா இது என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தான். "ஆமாடா. ராம் வெல எறங்கட்டும்" என்றுதான் வந்தது.

"அதான் அண்ணே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் சுஜன். சொன்னது தான்தான் என்பதையே அவன் மறந்துவிட்ட மாதிரி, அண்ணன் சொல்லித் தான் கேட்டுக்கொண்டதாகவே வைத்துக்கொண்டான். அந்தப் பழியைக்கூட மரியாதையாக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, டியூட்டி பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கு டியூட்டி இல்லை.

நிமலன் போனை மேசை மேல் வைத்தான். கண் கலங்கவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. நெஞ்சுக்குள்ளே தேடிப் பார்த்தான். அங்கே இருந்தது நிம்மதி. அலுமாரியைத் திருப்ப வேண்டியதில்லை, அம்மா புகைக்குள் படுக்க வேண்டியதில்லை, ஏணை கட்ட இடம் இருக்கிறது என்ற நிம்மதி. தம்பி வரவில்லை என்று கேட்டதும் தனக்கு முதலில் வந்தது அதுதான் என்று தெரிந்தபிறகே அழுகை வந்தது. பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் திரும்பி வருகிற சத்தம் தெருவில் கேட்டது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பில் புத்தகத்தில் எழுதின பெயரை ஒரு கோடு போட்டு அடித்தான்.